பூஞ்சை லென்ஸும் கல்யாணப் பத்திரிகையும்

கள்ளக்குறிச்சியில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். கிணற்று மோட்டாருக்கான பேரிங், சீல், இம்பெல்லர், அப்புறம் பி.வி.சி. குழாய், எல்போ, பசை. மெக்கானிக் யாராவது துருப்பிடித்த பேரிங்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால் அதைக் கையில்கூட எடுக்க மாட்டேன். "தூக்கிப் போட்டுட்டு புதுசு மாத்துங்க" என்பேன். இப்படித் தொழில் செய்கிற ஒருவன், தான் பிறப்பதற்கு முன்பே செய்யப்பட்ட ஒரு ரஷ்ய லென்ஸை, உள்ளே பூஞ்சை படர்ந்தது, திருகினால் மணல் அரைபடுகிற சத்தம் வருவது, இப்படிப்பட்ட ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கி அதற்குப் பழைய பட்டுப்புடவைத் துணியில் உறை தைத்து வைத்திருக்கிறான் என்றால் அவனை என்னவென்று சொல்வது? என் மனைவி ஒரு வார்த்தை சொல்வாள். அதை அச்சில் போட முடியாது.

லென்ஸைப் போட்டுப் படம் எடுக்க ஒரு ஜப்பான் ஃபிலிம் கேமராவும் உண்டு. பாண்டிச்சேரியில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் வாங்கியது. அதில் இருக்கும் வெளிச்சமானி எப்போதோ செத்துவிட்டது. வெயிலைப் பார்த்து, நிழலைப் பார்த்து, குத்துமதிப்பாக ஒரு கணக்குப் போட்டு எடுப்பேன். பாதிப் படம் கறுப்பாகவும் மீதிப் பாதி வெளுப்பாகவும் வரும். நடுவில் தப்பித் தவறி ஒன்று சரியாக வந்துவிட்டால் அது என் திறமை என்று எடுத்துக்கொள்வேன்.

என்னைப் போன்றவர்கள் இந்தக் காலத்திலும் இருக்கிறார்கள் என்பதுதான் கொடுமை. ஃபோனில் எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. சென்னை, கோயம்புத்தூர், கொச்சி என்று பல ஊர்க்காரர்கள். எல்லாரும் பிள்ளை குட்டி உள்ளவர்கள், வெளியே பார்க்க நல்ல மாதிரியாகத்தான் இருப்பார்கள். அந்தக் குழுவில் யாரும் பூஞ்சையைப் பூஞ்சை என்று சொல்ல மாட்டோம். 'குணம்' என்போம். என் லென்ஸுக்குள் டார்ச் அடித்து, உள்ளே வெள்ளை வெள்ளையாக வலை போலப் படர்ந்திருப்பதைப் படம் எடுத்துப் போட்டேன். மறுநிமிடமே இதயங்களாக வந்து குவிந்தன. இந்த மாதிரிக் கண்ணாடியில்தான் ஒளி மூச்சு விடும் என்று ஒருவர் எழுதினார். கல்லாவில் உட்கார்ந்தபடி அதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். எதிரே எல்போ வாங்க வந்தவர் தான் கேட்ட அளவு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

பூஞ்சைக்கு வெயில் ஆகாது. குணமாகவே இருந்தாலும் மேற்கொண்டு வளர விடக்கூடாது என்று குழுவில் சொன்னார்கள். அதனால் காலை வெயிலில் லென்ஸை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் அலுமினியத் தாள் விரித்து அதன்மேல் வைப்பேன். ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம் திருப்பி வைப்பேன். காக்கை வந்தால் விரட்டுவேன். என் மனைவியும் அந்த நாட்களில் மாடிக்கு வந்து உட்காருவாள். அவளுக்கும் வெயில் தேவைப்பட்டது.

சில வருடங்களுக்கு முன் அவளுக்கு வெண்புள்ளி வந்தது. முதலில் கைவிரலில், பிறகு முகத்தில். தோல் டாக்டர் நன்றாகவே விளக்கினார். தோலில் நிறம் போகிறது, அவ்வளவுதான், யாருக்கும் ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார். ஒரு மருந்து எழுதிக் கொடுத்து, தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் வெயிலில் உட்காரச் சொன்னார். ஆக நாங்கள் இருவரும் மாடியில். அவள் மருந்தோடு, நான் லென்ஸோடு. கோடை வந்ததும் தோல் சிவந்துபோய் அவள் மாடிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நான் நிறுத்தவில்லை.

அவள் முகத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமல் இருப்பதுதான் பெருந்தன்மை என்று எனக்கு ஒரு எண்ணம். பெருந்தன்மையில் உள்ள வசதி, அதற்கென்று எதுவும் செய்ய வேண்டியதில்லை. நமக்கு ஒரு வித்தியாசமும் இல்லை என்பதுபோல இருந்துவிட வேண்டியது. அப்படியே இருந்தேன், ரொம்பத் திறமையாக இருந்தேன்.

அவள் மட்டும் கேமராவுக்கு முன்னால் நிற்பதை விட்டுவிட்டாள். ஃபோன் நீண்டாலே உள்ளே ஏதோ அடுப்பில் வைத்த ஞாபகம் வந்துவிடும் அவளுக்கு. பெரிதாகத் தெரியவில்லை, பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் நடக்கும்வரை. ஆல்பம் வந்தது. சேலத்தில் வேலை பார்க்கும் என் பெண் லீவில் வந்தவள் அதை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாள். பிறகு கடைசியிலிருந்து முதல்வரை புரட்டினாள்.

"அப்பா, இதுல அம்மா எங்க?"

நான் தேடிக் காட்டினேன். ஒரு படத்தில் ஓரமாகத் தாம்பாளத்தைப் பிடித்த ஒரு வளையல் கை. இன்னொன்றில் ஒரு புடவை முந்தானை, தூணுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"கல்யாணத்துல அம்மா மேடையில எம் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கணும். இல்லன்னா நானும் மாலையோட கீழ எறங்கிடுவேன். வெளாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சுக்காத" என்றாள். விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். பிடிவாதம் அவளுக்கு அம்மா வழியில் வந்தது.

அம்மாவோ அசைவதாக இல்லை. "தாரை வார்க்கிறதுக்கு நிப்பேன். சடங்கு அத்தனையும் செய்வேன். போட்டோன்னு வந்தா எறங்கிடுவேன். காலத்துக்கும் சம்பந்தி வூட்டுல அந்தப் போட்டோவ வெச்சுப் பாத்துக்கினு இருப்பாங்க. எனக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டாள். தை மாதம் கல்யாணம். மண்டபம், சமையல், மேளம் எல்லாம் சொல்லியாயிற்று. பெண்ணைப் பெற்றவள் மேடையில் நிற்பாளா, மாட்டாளா என்பது மட்டும் முடிவாகவில்லை.

கல்யாணத்துக்குப் பேசியிருந்த போட்டோகிராஃபர் தம்பியிடம் விஷயத்தை மெல்லச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "இதுக்கா சார் கவலப்படுறீங்க? கம்ப்யூட்டர்ல மூஞ்சி பூரா ஒரே கலரா அடிச்சுடலாம். யாருக்கும் தெரியவே தெரியாது" என்றார். எனக்கு வந்ததே கோபம். மனைவியின் முகத்துக்கு வண்ணம் அடிக்கிறேன் என்கிறானே என்று கோபப்பட்டிருந்தால் நான் மனிதன். எனக்குக் கோபம் வந்தது கம்ப்யூட்டர் மேல். ஒளியில் பதிந்ததைப் பிறகு மாற்றுவது பொய், ஏமாற்று, கலைக்குச் செய்கிற துரோகம் என்று அந்தத் தம்பிக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். பாவம், அட்வான்ஸ் வாங்கியிருந்ததால் முழுவதும் கேட்டார்.

பிரசங்கத்தின் நடுவிலேயே எனக்கு ஞானம் பிறந்தது. கம்ப்யூட்டர் எதற்கு? என் லென்ஸ் இருக்கிறதே! பூஞ்சை படர்ந்த கண்ணாடியில் எதுவும் துல்லியமாகத் தெரியாது. வெளிச்சம் பட்ட இடமெல்லாம் பூத்துப்போய்ப் பனி மூடின மாதிரி இருக்கும். அதில் எடுத்தால் வெண்புள்ளி தானாகவே மறைந்துவிடும். பொய் இல்லை, ஏமாற்று இல்லை, லென்ஸின் குணம். முதலில் அவளை அதில் ஒரு படம் எடுத்துக் காட்டிவிட்டால் பயம் தெளிந்துவிடும், மேடை ஏறிவிடுவாள். இப்படி ஒரு யோசனை வேறு எந்த ஊரில், வேறு எந்தக் கிறுக்கனுக்காவது தோன்றியிருக்குமா என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

கார்த்திகை முடிவதற்குள் பத்திரிகை வைத்துவிட வேண்டும் என்று ஊர் ஊராகப் போனோம். எங்கள் பக்கம் அதற்குப் புருஷன் பெண்சாதி இருவரும் போக வேண்டும். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு பத்திரிகையை வைத்து நீட்ட வேண்டும். வாங்கிக்கொண்டவர்கள் வந்த பெண்ணுக்குக் குங்குமம் கொடுப்பார்கள். நான் கேமராவைப் பத்திரிகைக் கட்டுக்கு அடியில் ஒளித்து எடுத்துக்கொண்டு போனேன். எலவனாசூர்கோட்டையில் சித்தப்பா வீடு, மணலூர்பேட்டையில் அவள் பெரியப்பா வீடு. எங்கேயும் படம் எடுக்கச் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. எல்லா வீட்டிலும் நன்றாகப் பேசினார்கள். பேசும்போது காலண்டரைப் பார்த்தார்கள், டீப்பாயைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். அவளைப் பார்க்கவில்லை.

ரிஷிவந்தியத்தில் என் அக்காவின் சம்பந்தி அம்மாள் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்தார். அவள் கை நீட்டினாள். அந்த அம்மாள் சிமிழைக் கையில் கொடுக்காமல் டீப்பாயின் மேல் வைத்து அவள் பக்கம் நகர்த்திவிட்டார். "எடுத்துக்கம்மா." என் மனைவி தானே எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு நான் செய்த காரியம், தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தேன். மேலே ஃபேன் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. "பேரிங் போயிருக்குது, கடைக்கு ஆள் அனுப்புங்க, மாத்திக் குடுக்கறேன்" என்றேன்.

கடைசியாக மலைக்குப் போவது என் சொந்தத் திட்டம். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு விவசாயி என் கடையில் மோட்டார் வாங்கியவர், வீட்டுக்கு வாங்க வாங்க என்று வெகுநாளாகக் கூப்பிடுகிறவர். அவருக்குப் பத்திரிகை வைக்காவிட்டால் கோபித்துக்கொள்வார் என்றேன்.

"மோட்டர் வாங்குனவங்க எல்லாருக்கும் பத்திரிக வெக்கப்போறீங்களா?" என்றாள். ஆனாலும் கிளம்பி வந்தாள். கச்சிராயபாளையம் தாண்டி அணையைச் சுற்றி மலை ஏறத் தொடங்கியதும் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தில் காற்று படும்படி உட்கார்ந்துகொண்டாள். முதல்நாள் மழை பெய்திருந்தது. வளைவுக்கு வளைவு குளிர் ஏறியது. நான் மலையைப் பார்க்கவில்லை. வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒரு வளைவில் எதிரே வந்த டெம்போக்காரர் என் தாயாரை விசாரித்துவிட்டுப் போனார்.

விவசாயி வீட்டில் இல்லை, சந்தைக்குப் போயிருந்தார். அவர் சம்சாரம் வாசலில் தார்ப்பாய் விரித்துச் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் யார் என்று சொன்னதும் முறத்தை வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார். பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உள்ளே போய்க் குங்குமம் எடுத்துவந்து, தன் விரலாலேயே என் மனைவியின் நெற்றியில் வைத்தார். வைத்த கையை எடுக்காமல் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"இன்னாக்கா மூஞ்சில? சின்ன வயசுலேருந்தா, இப்பவா?"

பத்திரிகைக் கட்டுக்கு அடியில் கேமராவைத் தயார் செய்துகொண்டிருந்த என் கையிலிருந்து லென்ஸ் மூடி நழுவித் தார்ப்பாயில் விழுந்தது. இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தானே நான் இத்தனை வருடம் ஃபேன் பேரிங்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்!

"இப்பத்தான். கொஞ்ச வருசமா" என்றாள் என் மனைவி.

"வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல. வெயில்ல நின்னா எரியும்."

எரியும் என்பது எனக்குத் தெரியாது. மாடியில் அவள் பக்கத்தில் அத்தனை காலை உட்கார்ந்திருந்தவன் நான்.

"மீன் துன்னுட்டுப் பால் குடிச்சியா? அப்டி குடிச்சாத்தான் வரும்னுவாங்க."

"பால் குடிச்சாலே எனக்கு வாந்தி வரும். இதுல மீனு வேறயா?"

"அப்ப அது இல்ல" என்று அந்த அம்மாள் ஒரே நொடியில் தன் மருத்துவத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார். "எங்க மாமனாருக்குக் கால்ல இருந்துச்சுக்கா. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு வேட்டிய எறக்கி எறக்கிக் கட்டிக்கினு போவாரு. ஒரு நாளு மாடு முட்டி வுழுந்தாரு பாரு, வேட்டி ஒரு பக்கம், மனுசன் ஒரு பக்கம். அன்னிக்குத்தான் ஊருக்கே தெரிஞ்சுது. அதுக்கப்புறம் முட்டிக்கு மேல மடிச்சுக் கட்டிக்கினு ஜாலியா திரிஞ்சாரு."

என் மனைவி சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், தலையைப் பின்னால் சாய்த்து, சத்தமாகச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தேனா? இல்லை. வெயில் அவர்களுக்குப் பின்னால் சரியாக விழுகிறது, பூஞ்சைக்கு இதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது என்று யோசித்தேன். கேமராவை எடுத்தேன்.

"எடுத்துக்குங்க. அதுல எதுவும் வந்தாத்தான?" என்றாள் என் மனைவி, முறத்தைக் கையில் வாங்கிக்கொண்டே. இருவரும் சாமையைப் புடைத்தபடி பேசிக்கொண்டே இருந்தார்கள். தூசி எழுந்து வெயிலில் பறந்தது. நான் மண்டியிட்டும் குந்தியும் சரிந்தும் எடுத்துத் தள்ளினேன்.

முடித்ததும் அந்த அம்மாள் எழுந்து என் பின்னால் வந்து நின்றார். "காட்டுங்கண்ணா, எப்டி வந்துகிதுன்னு பாப்போம்." கேமராவின் முதுகைத் திருப்பிக் காட்டினேன். கறுப்புத் தோல் மட்டும் இருந்தது. "இன்னாண்ணா, கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா, இது ரீலு. மெட்ராசுக்கு அனுப்பிக் கழுவணும். அடுத்த வாரந்தான் தெரியும்."

அவர் திரும்பி என் மனைவியைப் பார்த்தார். வெண்புள்ளிக்காகத் துளியும் பரிதாபப்படாதவர், இப்படி ஒரு புருஷன் வாய்த்ததற்காக மிகவும் பரிதாபப்பட்டார். கிளம்பும்போது ஒரு பை நிறையச் சாமை கொடுத்தார்.

மலை இறங்கும்போது, "நல்ல பொம்பள" என்றாள் என் மனைவி. "ஆமா, வெளிச்சம் பிரமாதமா இருந்துச்சு" என்றேன் நான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரோலைக் கூரியரில் சென்னைக்கு அனுப்பினேன். கழுவி, ஸ்கேன் செய்து, ஃபோனுக்கு அனுப்பிவிடுவார்கள். பழைய முறைப்படிதான் எடுப்பேன் என்று அடம்பிடித்துவிட்டுக் கடைசியில் ஃபோனை விரலால் பெரிதாக்கிப் பார்க்கிற கூட்டம் நாங்கள். படங்கள் வந்த அன்று கடையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுத் திறந்தேன்.

நான் நினைத்ததைவிட அமோகமாக வந்திருந்தது. பின்னாலிருந்து வந்த வெயிலும் உள்ளே இருந்த பூஞ்சையும் சேர்ந்து படம் முழுக்கப் பாலாகப் பொங்கியிருந்தது. வெண்புள்ளி சுத்தமாகத் தெரியவில்லை. மூக்கும் தெரியவில்லை. வாய் இருக்கும் இடத்தில் ஏதோ மங்கலாக இருந்தது. சாமை எது, தூசி எது, மனிதர் எவர் என்று பிரிக்க முடியாத ஒரே ஜோதி. இருந்த சந்தோஷத்தில், காத்திருந்தவர்களுக்கு என்ன கொடுத்து அனுப்பினேன் என்று நினைவில்லை, மறுநாள் இருவரும் வந்து மாற்றிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு ஓடினேன். அவள் அந்தச் சாமையைத்தான் உலையில் போட்டுக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"அந்தப் பொம்பள மூஞ்சி எங்க?"

"அது… அந்த லென்ஸோட குணம் அப்டி."

"எம் மூஞ்சி?"

"அதான் சொல்றேன்! பாரேன், ஒண்ணுமே தெரியல. கல்யாணத்துக்கும் இந்த லென்ஸ போட்டே எங்க குரூப்பு ஆளு ஒருத்தர எடுக்கச் சொல்லிடலாம். நீ தைரியமா மேடையில நிக்கலாம்."

அவள் ஃபோனை அடுப்பு மேடைமேல் கவிழ்த்து வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"மொட்ட மாடியில ரெண்டு பேரும் ஒக்காந்துகினு இருப்போமே. அந்த லென்ஸுக்குள்ள எங்கெங்க வெள்ளையா இருக்குதுன்னு இப்பக் கேட்டாக்கூட நீங்க சொல்லுவீங்க. டார்ச்சு அடிச்சு அடிச்சுப் பாத்தீங்க. அதப் போட்டோ புடிச்சு ஊருக்கெல்லாம் காட்டுனீங்க. அழகுன்னீங்க, குணம்னீங்க. நானும் அங்கதான் ஒக்காந்துகினு இருந்தேன்." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். "எம் மூஞ்சில எங்க இருக்குது? பாக்காம சொல்லுங்க."

"தாடையில" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"வலது. இல்ல, இடது… கண்ணுகிட்டயும் இருக்குது."

"கண்ணுக்கு மேலயா, கீழயா?"

எனக்குத் தெரியவில்லை. தினமும் மூன்று வேளை எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற முகம். உலை கொதித்து மூடி தடதடத்தது, அவள் திரும்பாமல் கையை மட்டும் நீட்டி அடுப்பைக் குறைத்தாள்.

"ஊர்ல எல்லாரும் பாக்காம இருக்கிறது எனக்குப் பழகிப்போச்சு. ரிஷிவந்தியத்துல நீங்களும் ஃபேனத்தான் பாத்தீங்க" என்றாள்.

உனக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்றுதான் பார்க்கவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. நல்ல வேளை, சொல்லவில்லை. எனக்கே அது சகிக்கவில்லை. அன்று சாமைச் சோற்றைச் சாப்பிட்டுக் கை கழுவினேன். அந்தக் குழுவில் போடுவதற்காக எழுதி வைத்திருந்த வர்ணனையை அழித்தேன். அவமானமாக இருந்தது. படம் மோசமாக வந்தால் வருகிற அவமானம் எனக்குப் பழக்கம், இது அந்த மாதிரி இல்லை.

கேமராவை வாங்கும்போது அதோடு சேர்ந்து வந்த லென்ஸ் ஒன்று பீரோவில் கிடந்தது. அதைப் பற்றி இதுவரை நான் எழுதாததற்குக் காரணம், அதில் எழுத ஒன்றும் இல்லை என்று நினைத்ததுதான். பூஞ்சை இல்லை, கீறல் இல்லை, வளையம் வெண்ணெய் போலச் சுழலும். அதில் எடுத்தால் எல்லாம் உள்ளது உள்ளபடி வந்துவிடும். அதனாலேயே எனக்கு அதைப் பிடிக்காமல் போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை மாட்டிக்கொண்டு போய் அடுக்களை வாசலில் நின்றேன்.

"ஒரு படம் எடுக்கட்டுமா?"

"எதுல?"

"இது வேற லென்ஸு. எல்லாம் தெரியும்."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு மாடிக்கு வந்தாள். பவுடர் போடவில்லை, புடவையும் மாற்றவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை வெயில் முகத்தில் நேராக விழாத இடமாகத் தானே பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நான் கிட்டே போய் எதிரே குந்தினேன்.

அந்தக் கேமராவில் கண் வைத்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரியும். வட்டத்துக்குள் வருவது மேல் பாதி ஒரு பக்கமும் கீழ்ப் பாதி ஒரு பக்கமுமாக விலகி நிற்கும். வளையத்தைத் திருப்பி இரண்டையும் சேர்த்தால் ஃபோகஸ். சேர்வதைக் கண்டுபிடிக்க ஒரு கோடு வேண்டும். கன்னத்திலும் நெற்றியிலும் ஏது கோடு? அவளை எடுத்த நாட்களில் மூக்குத்தியை வைத்துச் சமாளிப்பேன். இன்றைக்கு வட்டத்தை நகர்த்திக்கொண்டே போனபோது தெளிவான ஒரு கோடு கிடைத்தது. இடது கண்ணுக்குக் கீழே. பழுப்பு முடிந்து வெள்ளை தொடங்குகிற ஓரம். கன்ன எலும்பின் மேலே ஏறி, கண்ணின் அடியில் வளைந்து, கடைக்கண்ணில் மெலிந்து முடிந்தது. வளையத்தை மெல்லத் திருப்பினேன். விலகி நின்ற இரண்டு பாதியும் நெருங்கி வந்து சேர்ந்தன. அப்போதுதான் தெரிந்தது, கீழ் இமையில் அந்த இடத்து முடிகளும் நரைத்து வெள்ளையாகியிருந்தன. எப்போது ஆயிற்று? யாரிடம் போய்க் கேட்பேன்?

"இன்னா, கெடைக்கலயா?"

"கெடைச்சுது" என்றேன்.

"அப்ப எடுங்களேன்."

எடுக்கலாம் என்று விரலை வைத்தேன். சேர்ந்திருந்த கோடு கலங்கியது. வட்டம் கலங்கியது, அவள் முகமே கலங்கியது. நான் நான்தானே, முதலில் தோன்றியது என்ன தெரியுமா? அடடா, இந்த லென்ஸிலும் பூஞ்சை வந்துவிட்டது. கேமராவை இறக்கிக் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தேன். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

அவள் நாற்காலியிலிருந்து குனிந்து, முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். துடைத்துவிட்டு மறுபடி நிமிர்ந்து உட்கார்ந்து, கேமராவை நேராகப் பார்த்தாள்.

"சீக்கிரம் எடுங்க, வெயிலு இங்கயும் வந்துடுச்சு, எரியுது. மேடையில நிக்கிறப்ப அந்தப் போட்டோக்காரத் தம்பி இவ்ளோ நேரம் எடுத்துக்க மாட்டாரு இல்ல?"